மண்ணுக்குப் பதில் மின்சாரமா?



ஜன்னலோரம் பாட்டில் தண்ணீரில் மணிபிளான்ட் வைத்திருக்கிறீர்களா? மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். "அப்படின்னா செடிக்கு மண் எதுக்கு சார்?" என்று நான் வேலையில் இருந்தபோது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி! இதே கேள்வியோடு சிங்கப்பூர் நாடே பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. கடைசியில் 2025 நவம்பரில் தன் திட்டத்தையே மாற்றிக்கொண்டது. ஏன் என்று பார்ப்போமா?

முதலில் அந்தப் பையனுக்குப் பதில். 1699ல் ஜான் உட்வர்டு என்ற ஆங்கிலேயர் புதினாச் செடிகளை மண் இல்லாமல் வளர்த்துப் பார்த்தார். ஒன்றுக்கு மழைநீர், ஒன்றுக்கு தேம்ஸ் நதி நீர், இன்னொன்றுக்குத் தோட்ட மண்ணைக் கரைத்த நீர். மழைநீர்தானே சுத்தம்? ஆனால், அதில் இருந்த செடிதான் நோஞ்சான்! மண் கரைத்த நீரில் இருந்தது செழித்து வளர்ந்தது. மண்ணிலிருந்து ஏதோ ஒன்று நீரில் இறங்குகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அது என்னவென்று கண்டுபிடிக்க இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கால்சியம், இரும்பு என்று வரும் உப்புகள்தான் அவை. அவற்றைச் சரியான அளவில் நீரில் கரைத்துக் கொடுத்தால் போதும், மண் வேண்டியதில்லை. 1929 முதல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வில்லியம் கெரிக் என்ற பேராசிரியர் இதைப் பயிர்த்தொழிலாகவே செய்யலாம் என்று சொல்லி வந்தார். அவருடைய தக்காளிக் கொடிகளைப் பறிக்க ஏணி போட வேண்டியிருந்ததாம்! 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். கிரேக்க மொழியில் 'ஹைட்ரோ' என்றால் நீர், 'போனோஸ்' என்றால் உழைப்பு.

செய்முறை கடினமில்லை. பிளாஸ்டிக் குழாயில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு ஒரு நாற்று வைப்பார்கள். குழாய்க்குள் உப்பு கரைத்த நீர் மெல்லிய ஓடையாக ஓடும். வேர் பாதி நீரிலும் பாதி காற்றிலும் இருக்கும். வேரும் சுவாசிக்க வேண்டும் அல்லவா? மீந்த நீர் தொட்டிக்குத் திரும்பி, மறுபடி மோட்டார் வழியாக மேலே போகும். அதனால் வயலைவிட மிகக் குறைவான தண்ணீரே போதும். களையும் இல்லை. ஆனால், நான்கைந்து மணி நேரம் கரண்ட் போனால்? கோடை வெயிலில் வேர் காய்ந்து, கீரை தலை கவிழ்ந்துவிடும். வயல் மண் அப்படி ஏமாற்றாது. நேற்றுப் பாய்ச்சிய நீரை இன்றைக்கும் வைத்திருக்கும்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். சென்னை மாநகராட்சியைப்போல இரண்டு மடங்குகூட இல்லாத நாடு. சுமார் 60 லட்சம் பேர் வாழ்கிறார்கள். விவசாயத்துக்கு உள்ள இடம் ஒரு சதவீதம்தான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உணவு வெளிநாட்டிலிருந்து வருகிறது. விற்கிறவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால்? 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது அதுதான் நடந்தது. சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள்.

இந்தப் பயம் அவர்களுக்கு முன்பே உண்டு. அதனால்தான், '2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை நாமே விளைவிப்போம்' என்று 2019ல் அந்நாட்டு அரசு அறிவித்தது. கார் நிறுத்தும் கட்டடங்களின் மொட்டை மாடிகளைக்கூட ஏலத்தில் விட்டு, கீரை வளர்க்கச் சொன்னது. நிறுவனங்களோ கட்டடத்துக்குள் அலமாரி அலமாரியாக அடுக்கி, இளஞ்சிவப்பு எல்.இ.டி. விளக்கின் கீழ் கீரை வளர்த்தன. பூச்சி வராது, மழையில் அழுகாது. படம் பார்த்தவர்கள் எல்லாம், "இனி வயலே வேண்டாம்" என்றார்கள்.

நடந்தது வேறு. பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. 2024ல் சிங்கப்பூர் மக்கள் சாப்பிட்ட காய்கறியில் உள்ளூரில் விளைந்தது சுமார் 3 சதவீதம்தான். 2025 நவம்பரில் பழைய இலக்கைக் கைவிட்டு, 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 சதவீதம், புரத உணவில் 30 சதவீதம் என்று புது இலக்கு வைத்தார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். பவரி ஃபார்மிங் என்ற பெரிய நிறுவனம் 2024ல் கடையைக் கட்டியது.

தோற்றது ஹைட்ரோபோனிக்ஸா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. உப்பு நீரில் கீரை நன்றாகத்தான் விளைந்தது. கையைக் கடித்தது விளக்கும் குளிர்சாதனமும்தான். சூரியன் சும்மா தருகிற வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். பக்கத்து நாடான மலேசியாவின் மலைகளில் திறந்த வெளியில் விளைந்த கீரை, அதைவிட மலிவாகக் கடைக்கு வந்தது. வீட்டு அம்மாக்கள் எதை வாங்குவார்கள்? இன்னொரு வேடிக்கை: சிங்கப்பூரின் மின்சாரம் பெரும்பாலும் இறக்குமதி எரிவாயுவில் தயாராகிறது. கீரையை வெளியிலிருந்து வாங்கக் கூடாது என்று, கீரை வளர்க்க எரிவாயுவை வெளியிலிருந்து வாங்கியது போலாயிற்று!

நெதர்லாந்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு. கண்ணாடிக் கூடங்களில் மண் இல்லாமல் தக்காளி விளைவித்து, ஐரோப்பா முழுவதும் விற்கிறார்கள். கண்ணாடி வழியே வரும் வெயில்தான் அங்கே முக்கியம். குளிர்காலத்தில்தான் விளக்கும் வெப்பமும் கூடுதலாகத் தேவை. 2022ல் எரிவாயு விலை எகிறிய குளிர்காலத்தில் அங்கேயும் பலர் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அதுபோன்ற கூடங்களில் வேர் பிடித்துக்கொள்ள மண்ணுக்குப் பதிலாக என்ன போடுகிறார்கள் தெரியுமா? பாறையை உருக்கி நூலாக்கிய பஞ்சு ஒன்று. இன்னொன்று நம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்க்கழிவு! முன்பெல்லாம் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் குப்பை அது. இன்று அதை அலசி, உலர்த்தி, செங்கல் போல அழுத்திக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது ஒரு கட்டி வாங்கி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது உப்பி எழுவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.