எந்த விதியில் எடுத்த புள்ளி என்றும் எழுதுங்கள்

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மல்யுத்த விதிக்குழுவினருக்கும், சாதனை ஏட்டைத் தொகுக்கும் அலுவலர்களுக்கும், இண்டியானாபோலிஸ்.



2024 மார்ச்சில் கான்சஸ் சிட்டியில் பென் ஸ்டேட் அணி 172.5 புள்ளிகளோடு பட்டம் வென்றபோது, 27 ஆண்டுகள் அசையாமல் நின்ற ஒரு சாதனை உடைந்தது. டேன் கேபிள் பயிற்சியாளராக இருந்த கடைசிப் பருவத்தில், 1997இல், அயோவா எடுத்த 170 புள்ளிகள் அது. மறு ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் பென் ஸ்டேட் தன் சாதனையைத் தானே 177க்கு உயர்த்திக்கொண்டது. 177, 172.5, 170 என்று இந்த எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்ப்பவர், 1997 அயோவா மூன்றாவது சிறந்த அணி என்று முடிவு கட்டிவிடுவார். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் தகுதி இந்த மூன்று எண்களுக்கு இல்லை. அதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

2023-24 பருவத்தில் டேக்டவுனின், அதாவது எதிராளியைப் பாயில் வீழ்த்திக் கட்டுக்குள் கொண்டுவருவதன், மதிப்பை 2 புள்ளியிலிருந்து 3ஆக உயர்த்தினீர்கள். பிடியிலிருந்து தப்பி எழுபவருக்குக் கிடைக்கும் 1 புள்ளியை அப்படியே விட்டீர்கள். இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எதிராளியை வீழ்த்துவது, வேண்டுமென்றே எழவிடுவது, மறுபடி வீழ்த்துவது: வலுவான மல்லர்கள் முன்னிலையைப் பெருக்கிக்கொள்ளும் பழைய வழி இது. முன்பெல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் நிகர லாபம் 1 புள்ளி, இன்று 2. மற்றப் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டால், 15 புள்ளி முன்னிலையை எட்டப் பழைய விதியில் 14 முறை வீழ்த்த வேண்டும். புதிய விதியில் 7 முறை போதும். 8 புள்ளி முன்னிலைக்கு அன்று 7 முறை, இன்று 4 முறை.

இந்த 15க்கும் 8க்கும் அணிக் கணக்கில் விலை உண்டு. இன்றைய அட்டவணைப்படி, 15 புள்ளி முன்னிலையில் முடியும் டெக்னிக்கல் ஃபால் அணிக்கு 1.5 கூடுதல் புள்ளி தருகிறது. 8 புள்ளி வித்தியாசத்தில் வரும் மேஜர் டிசிஷன் 1 புள்ளி. எதிராளியின் இரு தோள்களையும் பாயில் பதித்துவிட்டால் 2 புள்ளி. டேக்டவுனின் விலை கூடியதும், முதல் இரண்டையும் எட்டும் தூரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த விதி நடைமுறைக்கு வந்த முதல் பருவத்திலேயே 170 முறியடிக்கப்பட்டது. முறியடித்த வித்தியாசம் 2.5 புள்ளி. இன்றைய கணக்கில் இரண்டு டெக்னிக்கல் ஃபாலுக்குக்கூட ஈடில்லை.

விதியை மாற்றியதில் எங்களுக்குக் குறை இல்லை. காலைத் தற்காத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துபவரைவிட, துணிந்து உள்ளே புகுந்து பிடி போடுபவருக்குக் கூடுதல் பலன் கிடைப்பது நல்லது. பழைய விதியில் எடுத்த புள்ளியையும் புதிய விதியில் எடுத்த புள்ளியையும் ஒரு குறிப்புகூட இல்லாமல் அடுக்கி வைப்பதில்தான் குறை.

பென் ஸ்டேட்டைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. 2024இல் இரண்டாம் இடம் பெற்ற கார்னெல் எடுத்தது 72.5; வித்தியாசம் முழுதாக 100 புள்ளி. அதே விதியில், அதே பாயில் மோதிய மற்ற அணிகளை அவ்வளவு பின்தள்ளிய ஓர் அணியைப் பற்றி 172.5 என்ற எண் பாதிதான் பேசுகிறது. அந்த 100 முழுதாகப் பேசுகிறது. வெவ்வேறு பருவங்களை ஒப்பிட விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: தன் காலத்து எதிரிகளிடமிருந்து அந்த அணி எவ்வளவு விலகி நின்றது? பயிற்சியாளர் கேல் சாண்டர்சனின் பென் ஸ்டேட் அணி இந்த அளவுகோலில் இன்னும் உயரமாகத் தெரியும். விதியைச் சேர்த்து எழுதினால் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

சாம்பியன்களின் எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள், படம் இன்னும் விரிகிறது. பத்து எடைப்பிரிவுகளில் ஐந்தில் பட்டம் வென்ற அணிகள் சில உண்டு: 1986, 1997 அயோவா, 2005 ஓக்லஹோமா ஸ்டேட், 2017, 2022 பென் ஸ்டேட். 177 புள்ளி எடுத்த 2025 பென் ஸ்டேட்டுக்கு இரண்டே சாம்பியன்கள். ஆனால் அதன் பத்து மல்லர்களும் முதல் எட்டு இடங்களுக்குள் வந்து ஆல்-அமெரிக்கன் தகுதி பெற்றனர். அதற்கு முன் அதைச் செய்த ஒரே அணி 2001 மினசோட்டா. இறுதிச்சுற்றை ஒருவர்கூட எட்டாமலேயே மினசோட்டா 138.5 புள்ளியில் பட்டத்தைத் தூக்கிச் சென்றது! பத்துப் பேரும் உறுதியாக நின்றால் ஒரு சாம்பியன்கூட இல்லாமல் வெல்லலாம் என்று காட்டிய அந்த அணியை எங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஏழாம் இடத்துக்கு 4 புள்ளி, எட்டாம் இடத்துக்கு 3 புள்ளி என்ற இன்றைய ஏற்பாடு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 1970களின் பெரும்பகுதியில் ஆறாம் இடத்தோடு கணக்கு முடிந்துவிடும். அன்றைய ஆல்-அமெரிக்கன் எண்ணிக்கையையும் இன்றையதையும் ஒன்றாகக் கூட்டுவது எப்படிப் பொருந்தும்?

தனி மல்லர்கள் விஷயத்தில் அநீதி இன்னும் கூர்மையானது. யோஜிரோ உயெதாகே ஜப்பானிலிருந்து வந்து ஓக்லஹோமா ஸ்டேட்டுக்காக மோதியவர். 1964, 1965, 1966 மூன்று ஆண்டும் சாம்பியன். 58 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. டோக்கியோவிலும் மெக்சிகோ சிட்டியிலும் ஒலிம்பிக் தங்கம். அன்று முதலாண்டு மாணவர்கள் கல்லூரி அணியில் இறங்க விதி இடம் தரவில்லை. ஆகவே நான்குமுறை சாம்பியன்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கவே முடியாது. அந்தப் பட்டியல் 1994இல் பாட் ஸ்மித்தோடு தொடங்குகிறது. டேன் கேபிளுக்கும் மூன்று வாய்ப்புகளே கிடைத்தன. இரண்டை வென்றார், 1970இல் எவன்ஸ்டனில் நடந்த இறுதிச்சுற்றில் லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றார். அவருடைய கல்லூரி நாள்களின் ஒரே தோல்வி அது.

மறுமுனையில் கார்ட்டர் ஸ்டாரோச்சி. 2021 முதல் 2025 வரை ஐந்து பட்டங்கள். இதற்குமுன் யாரும் எட்டாத எண்ணிக்கை. 2020 போட்டி பெருந்தொற்றால் ரத்தானது. அடுத்த பருவத்தை எந்த மல்லரின் தகுதிக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டீர்கள். அதனால்தான் ஐந்தாவது வாய்ப்பு என்று ஒன்று உருவானது. கிடைத்த ஐந்தையும் வென்றது ஸ்டாரோச்சியின் திறமை. அதில் ஐயமே இல்லை. அதே 2020இல் தோல்வி காணாமல் போட்டிக்குக் காத்திருந்த அயோவாவின் ஸ்பென்சர் லீக்கு, அந்த ஆண்டுப் பட்டத்துக்காக மோதும் நாளே வரவில்லை. பட்டங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வாய்ப்புகளின் எண்ணிக்கையையும் அச்சிட்டால் போதும். உயெதாகே மூன்றுக்கு மூன்று, மல்லராக இருந்த நாள்களில் சாண்டர்சன் 159 ஆட்டங்களில் தோல்வியின்றி நான்குக்கு நான்கு, நான்கு வெவ்வேறு எடைப்பிரிவுகளில் வென்ற கைல் டேக் நான்குக்கு நான்கு, ஸ்டாரோச்சி ஐந்துக்கு ஐந்து. இவர்களில் யார் பெரியவர் என்று வாசகர்கள் பிறகு நியாயமாக வாதாடிக்கொள்ளலாம்.

எடைப்பிரிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 இறுதியில் ஐந்து வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்லர்கள் எடையைக் குறைக்கப் போராடி உயிரிழந்தனர். அதன் பிறகே எடை பார்ப்பதை ஆட்ட நேரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தீர்கள், பிரிவுகளையும் உயர்த்தினீர்கள். 118 பவுண்டு, அதாவது 53.5 கிலோ, என்ற மிகச் சிறிய பிரிவு போய் 125 பவுண்டு வந்தது. செய்ய வேண்டிய மாற்றம். மூன்று உயிர்களைக் கொடுக்காமலேயே செய்திருக்க வேண்டிய மாற்றம். 1998க்கு முந்திய சாம்பியன்களையும் பிந்தியவர்களையும் எடை வாரியாக ஒப்பிடும் எந்தப் பட்டியலிலும் இந்தக் கோட்டை அழுத்தமாகப் போட வேண்டும்.

ஓர் அணி இன்னோர் அணியோடு மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பதற்கு உங்களிடம் நாங்கள் விடை கேட்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் முதற்பிரிவில் 140க்கு மேற்பட்ட மல்யுத்த அணிகள் இருந்தன. இன்று 80கூட இல்லை. மாணவர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் இன்று எளிதாகிவிட்டது. இவற்றையெல்லாம் எந்தச் சூத்திரத்திலும் அடைக்க முடியாது. நாங்கள் கேட்பது ஆவணத்தை மட்டுமே. ஒவ்வொரு சாதனைக்கும் எதிரே அந்த ஆண்டின் டேக்டவுன் மதிப்பு, புள்ளி பெற்ற இடங்களின் எண்ணிக்கை, இரண்டாம் அணியோடு இருந்த வித்தியாசம், அணியின் மொத்தத்தில் கூடுதல் புள்ளிகளின் பங்கு ஆகியவற்றை அச்சிடுங்கள். 1928இல் ஏம்ஸ் நகரில் நடந்த முதல் போட்டி தொடங்கி, கிடைக்கும் ஆட்ட முடிவுகள் அனைத்தையும் எவரும் எடுத்துக் கணக்கிடும் வடிவில் வெளியிடுங்கள்.

2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்தை உங்கள் 91ஆவது சாம்பியன்ஷிப்பாக ஏற்றுக்கொண்டீர்கள். 2026 அதன் முதல் ஆண்டு. அவர்கள் மோதுவது ஃப்ரீஸ்டைல் முறையில். அங்கே டேக்டவுனுக்கு 2 புள்ளி. 10 புள்ளி முன்னிலையிலேயே ஆட்டம் முடிந்துவிடும். அவர்களுடைய ஏட்டில் இன்னும் பழைய பக்கங்கள் இல்லை, திருத்த வேண்டிய குழப்பமும் இல்லை. நாங்கள் கேட்கும் விதி விவரங்களை அதன் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஆண்களின் ஏட்டில் அடுத்த பருவப் பதிப்பு வெளிவருமுன் சேருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர் குழு