கார் இருந்தால் ஒரு தைரியம்!

“கார் எதுக்குப்பா? அதான் பஸ் இருக்கே!” என்பார் அப்பா. “ஒரு அவசரம்னா வேணும்ல?” என்பான் மகன். கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் பல வீடுகளில் நடக்கும் உரையாடல் இது. மகன் சொல்லும் அவசரம் மாதத்துக்கு ஒருமுறைகூட வராமல் போகலாம். தவணை மட்டும் தவறாமல் வந்துவிடும்.

7 லட்சம் ரூபாய் கடன், 9 சதவிகித வட்டி, 7 ஆண்டுகள் என்று கணக்குப் போட்டால், மாதத் தவணை 11,000 ரூபாயைத் தாண்டும். வண்டி வாசலில் சும்மா நின்றாலும் ஒரு நாளுக்குச் சுமார் 375 ரூபாய். ஆனால், மனம் இதைப் பயணச் செலவாகப் பார்ப்பதில்லை. பெட்ரோல் மட்டுமே கண்ணில் படுகிறது. ஷேர் ஆட்டோவுக்கு ஒவ்வொரு முறையும் கையிலிருந்து காசு கொடுப்பதால், அதுதான் பெரிய செலவாகத் தோன்றுகிறது.

வாசலில் கார் நின்றால் சொந்தக்காரர்கள் மத்தியில் கிடைக்கும் மரியாதையும் ஒரு காரணம்தான். ஆனால், அதைவிடப் பெரியது பயம். கல்வராயன் மலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பேருந்து எட்டாத ஊர்களில் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போவது மலை மக்களுக்குப் புதிதல்ல. அடுத்தவரோடு சேர்ந்து பயணிப்பதில் தயக்கமில்லை. ‘திரும்பி வர வண்டி கிடைக்குமா?’ என்பதுதான் கவலை. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மலையிலிருந்து இறங்கி வருபவர், கடைசி வண்டியைத் தவறவிட்டால் இரவு முழுக்கத் தவிக்க வேண்டும். பத்து முறை வண்டி சரியாக வந்தது மறந்துபோகும். தவித்த அந்த ஓர் இரவு மறக்காது. லாபத்தைவிட இழப்பே மனதை அதிகம் பாதிக்கும் என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-ல் விளக்கியது இதைத்தான்.

மின்சார வண்டி என்றால் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. ‘மலை ஏறுமா? பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?’ உண்மையில், மின்மோட்டார் கிளம்பும்போதே முழு இழுவிசையைத் தரும். மலையிறங்கும்போது ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பும். ஆனாலும், நாலு முறை ஏறி இறங்கினால்தான் பயம் போகும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அங்கே பயணிகளுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

பழக்கமும் காலைக் கட்டிப்போடும். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பயணிகள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் சுமார் 5 சதவிகிதத்தினர் புது வழியிலேயே தொடர்ந்தார்கள். அதைவிட நல்ல வழி இருப்பது அதுவரை அவர்களுக்குத் தெரியவில்லை!

ஆக, ‘புகையைக் குறைப்போம்’ என்ற பிரசாரம் மட்டும் போதாது. மலைக்கு மின்சார மினி பஸ் விட்டால், குறித்த நேரத்துக்கு வர வேண்டும். கடைசி வண்டி ஒருநாளும் ஏமாற்றக் கூடாது. அந்த நம்பிக்கை வந்தால் மக்கள் தானாக ஏறுவார்கள்.

கார் வாங்க யோசிக்கும் குடும்பம், முதலில் ஒரு மாதத் தவணையைத் தனியே எடுத்துவைக்கலாம். பேருந்து, ஷேர் ஆட்டோ, அவசரத்துக்கு வாடகை கார் என எல்லாவற்றையும் அதிலிருந்தே செலவழிக்கலாம். மிஞ்சியது எவ்வளவு, வண்டி கிடைக்காமல் தவித்தது எத்தனை நாள் என்று நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, அதன்பின் ஷோரூமுக்குப் போகலாமே!