எட்டாக் கனியா எதிர்ப்பொருள்?



தென்பெண்ணைக் கரையிலே, திருக்கோவிலூரிலே, உலகளந்தவருக்குக் கோயில் உண்டு. ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்தார் என்கிறது புராணம். அந்தக் கதையை வியந்து கேட்கும் நாட்டிலே, விண்ணை அளக்க விஞ்ஞானி பொருள் கேட்டால் "வீண் செலவு" என்கிறார்கள்!

எதிர்ப்பொருள் கற்பனையன்று. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை 1932-ல் ஆண்டர்சன் கண்டறிந்தார். பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழியும். நிறை முழுதும் ஆற்றலாகும். இதில் அரை கிராமும் அதில் அரை கிராமும் சேர்ந்தால் 2.5 கோடி யூனிட் மின்சாரத்துக்கு ஈடு! அவ்வாற்றலால் விண்கலத்தை உந்த இயலுமா என்பதே ஆராய்ச்சி.

"கல்வராயன் மலைக்குச் சாலை வேண்டும், எதிர்ப்பொருள் எதற்கு?" என்பார் உண்டு. சாலை வேண்டும், ஐயமில்லை! ஆனால் சாலைப் பணத்தை ஆராய்ச்சியா அள்ளிச் சென்றது? 2020-21-ல் இந்நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 64 காசுதான் எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்துக் கிடைத்தது. தென் கொரியாவோ 4 ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது!

"ஆகாத காரியம்" என்பார் இன்னொரு சாரார். மனிதன் இதுவரை ஆக்கிய எதிர்ப்பொருளைத் திரட்டினாலும் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு தேறாது, மறுக்கவில்லை. நாளைக்கே எஞ்சின் கேட்கிறோமா? இல்லை! துகளை ஆக்கவும் அடைத்துவைக்கவும் ஆய்வுக்கூடம் கேட்கிறோம். அங்கே பயிலும் ஏழை மாணவனுக்கு உதவித்தொகை கேட்கிறோம்.

வழியில் கிடைக்கும் பயனும் சிறிதன்று. புற்றுநோயைக் காட்டும் பெட் ஸ்கேன், பாசிட்ரானின் கொடையே. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் கணக்கை 1935-ல் வகுத்தவர் ஹோமி பாபா. உலகம் இன்றும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறது. வித்திட்டவர் நம்மவர், விளைச்சலுக்கு மட்டும் அயலானை அண்டி நிற்பதா?

கிரயோஜெனிக் எஞ்சின் கதையை மறந்தீரா? 1991-ல் சோவியத் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. அமெரிக்கா முட்டுக்கட்டையிட்டது, 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பம் தர மறுத்தது. மகேந்திரகிரியிலே நம்மவர் தாமே முயன்றனர். 2010-ல் தோல்வி, 2014-ல் வெற்றி! மறுக்கப்பட்டதை மீட்க இருபது ஆண்டுகள்! எதிர்ப்பொருளிலும் பிறர் முந்திக் கதவடைத்தபின் தட்டப் போகிறோமா?

தோழர்களே, ஊர்தோறும் கூட்டங்களிலே எடுத்துரையுங்கள். மலைக்குச் சாலை கேளுங்கள். அதே மூச்சில் ஆய்வுக்கூடமும் கேளுங்கள். சாலை இன்றைய தலைமுறையின் உரிமை. ஆய்வுக்கூடம் நாளைய தலைமுறையின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்போர், இரண்டையும் தரமாட்டார்!