குளிர்ச்சி வாங்கப் போன கதை

சித்திரை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு மகாநாடு கூடுகிறது. "இந்த வருஷமாவது ஒரு ஏ.சி. வாங்கிவிடலாமா?" என்பதே அதில் வரும் ஒரே தீர்மானம். விலைப் பட்டியலைக் கண்டதும் தீர்மானம் ஒத்திப்போடப்படும். மழை வந்ததும் அடியோடு மறக்கப்படும். நேயர்களில் பலர் இந்த மகாநாட்டில் ஒரு தரமாவது அக்கிராசனம் வகித்திருப்பார்கள். நாமோ அத்துடன் நில்லாமல், பிறர் வீட்டு மகாநாட்டுக்கும் யோசனை சொல்லப் போய் அகப்பட்டுக்கொண்டோம். அந்த அநுபவத்தை மறைப்பதைவிடச் சொல்லிவிடுவதே பிறருக்கு உபயோகமாயிருக்கும்.

நாம் உபாத்தியாயராக இருப்பது வேலூரில். ஊரின் பெயரை "வெயிலூர்" என்று மாற்றிச் சொல்லாத விருந்தாளி இன்னும் நம் வீட்டு வாசற்படி ஏறவில்லை. தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் ஒன்று பல வருஷங்களாக நம் கூடத்தில் இருந்து, கோடைதோறும் நம் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நம் தமக்கையார் இருப்பது சென்னைத் திருவல்லிக்கேணியில், வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில். அதற்கு மேல் மொட்டை மாடிதான். அவருடைய மாமியாருக்கு வயது எண்பத்திரண்டு. சென்ற கோடையில், "அம்மாவுக்கு இரவில் தூக்கமே இல்லை, என்ன வாங்கலாம்?" என்று தமக்கையார் டெலிபோனில் கேட்டார். ஒரு விநாடியும் யோசியாமல், "கூலர் வாங்கு, அக்கா. விலையும் சொற்பம், மின்சாரமும் சொற்பம்" என்று சொன்னோம்.

ஐந்தாம் நாள் மறுபடியும் டெலிபோன் மணி அடித்தது. டப்பாவில் இருந்த அப்பளம் நமுத்துவிட்டதாம். தலையணை உறை ஈரமாயிருக்கிறதாம். அம்மாள் இரண்டு இரவாக மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்திருக்கிறாராம். மறுநாள் சனிக்கிழமை. முதல் ரயிலிலேயே புறப்பட்டோம். அம்மாள் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, காற்று நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஈரப் புடைவையைப் போர்த்திக்கொண்டு படுத்தாற்போல் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிற நாம் அங்கேதான் தலை குனிய வேண்டியதாயிற்று. தண்ணீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், நனைத்த வெட்டிவேர்த் தட்டி குளிர்வதும் இதனால்தான். கூலரும் அதே பானைதான். விசிறி வைத்த பானை. வேலூரின் சித்திரைக் காற்று தாகம் மிகுந்தது. கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். திருவல்லிக்கேணிக் காற்றோ கடலிலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறது. அதற்கு மேலும் தண்ணீர் காட்டினால் புழுக்கம் வளருமேயன்றிக் குளிர்ச்சி பிறக்காது. போதாக்குறைக்கு, குளிர் வெளியே போய்விடுமென்று ஜன்னல்களையும் சாத்தி வைத்திருந்தார்கள். கூலர் ஓடும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதையும் நாம் சொல்ல மறந்துவிட்டோம்.

விசிறியைப் பற்றியும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. விசிறி அறையை ஒரு டிகிரிகூடக் குளிர்விப்பதில்லை. நம் உடம்பின் வியர்வையை உலர்த்தி நம்மைக் குளிர்விக்கிறது. ஆகையால் ஆளில்லாத அறையில் விசிறி சுற்றுவது வீண் தருமம். மற்றொன்று அதைவிட முக்கியம். காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறிக் காற்று உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. முதியவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு. தாகம் தெரிவதும் குறைவு. அத்தகைய பகல் வேளையில் அவர்களை விசிறியின் கீழ் உட்கார்த்திவிட்டால் போதுமென்று இருத்தல் ஆகாது. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, கேளாவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும்.

புதிதாக விசிறி வாங்குவோர் ஒரு சிறு கணக்கும் போட வேண்டும். சாதாரணக் கூரை விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் இழுக்கிறது. பி.எல்.டி.சி. என்ற புது விசிறிக்கு 30 வாட் அளவே போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முன்னதற்கு 54 யூனிட், பின்னதற்கு 22 யூனிட். முதலில் கூடக் கொடுக்கும் பணம் சில கோடைகளில் திரும்பி வந்துவிடும். 2023 முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரச் சீட்டு கட்டாயமாகிவிட்டது. நிறத்தையும் பூவேலையையும் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சீட்டைப் பார்ப்பது நலம்.

அன்று மாலை தமக்கையாருடன் கடைக்குப் போனோம். சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஆகவே சக்கரம் வைத்து உருட்டிச் செல்லும் போர்ட்டபிள் ஏ.சி. காட்டப்பட்டது. முன்னால் நின்றால் இமயமலைக் காற்று! பின்னால் போய் நின்றோம். யானைத் துதிக்கை போன்ற குழாய் வழியாக அனல் அடித்தது. ஏ.சி. குளிரை உண்டாக்குகிற யந்திரமன்று. வெப்பத்தை உள்ளிருந்து வெளியே கடத்துகிற யந்திரம். அந்தக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மீதி இடைவெளியைப் பலகையால் அடைக்காவிட்டால், முன்னால் கொடுத்ததைப் பின்னால் பிடுங்கிக்கொள்ளும். ஒற்றைக் குழாய் வைத்ததில் இன்னொரு குறையும் உண்டு. அது அறைக் காற்றையே வெளியே தள்ளுவதால், அதே அளவு வெளிக்காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். சத்தமும் முழுவதும் அறைக்குள்ளேதான். ஆகையால் ஜன்னலிலோ சுவரிலோ பொருத்த வழியுள்ளவர்கள் அதையே செய்யட்டும். வழியில்லாத வாடகைக் குடும்பத்துக்குத்தான் இது.

திரும்பும் வழியில் கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸைக் கடந்தோம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டிய கட்டடம் அது. ஏ.சி.யின் அளவை இன்றும் "டன்" என்று சொல்வது அந்தப் பனிக்கட்டிக் காலத்தின் மிச்சம். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகினால் எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அவ்வளவை அகற்றுவதே ஒரு டன் ஏ.சி. அக்காலத்தில் குளிர்ச்சி சீமான்களின் கண்ணாடிக் குவளைக்குப் போயிற்று. இன்று அது யாருடைய கட்டிலுக்குப் போக வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். வருகிறவர் பார்க்கும் கூடத்துக்கா, தூங்க முடியாத முதியவரின் சிறு அறைக்கா?

முடிவில் மூன்று காரியங்கள் செய்தோம். வீட்டுக்காரர் சம்மதத்துடன் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தோம். பகலில் குடித்த வெயிலைக் கூரை இரவில் கக்குவது சற்றுக் குறைந்தது. அம்மாளின் அறைக்குப் புது விசிறி மாட்டினோம். போர்ட்டபிள் ஏ.சி. ஒன்று வாங்கி, ஜன்னலைப் பலகையால் அடைத்து, 27 டிகிரியில் வைத்து விசிறியையும் மெல்ல ஓடவிட்டோம். ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய மின்சிக்கன அமைப்பின் கணக்கு.

ஆனால் எந்தக் கணக்கிலும் வராத ஒரு தடை இருந்தது. எல்லோரும் உறங்கியபின் அம்மாள் எழுந்து ஏ.சி.யை நிறுத்திவிடுவார். "பிள்ளைக்குக் கட்டணம் ஏறுமே" என்ற கவலை! நம் வீட்டு முதியவர்கள் வெப்பத்தால் படும் அவஸ்தையில் பாதி, இப்படி வாய் திறவாமல் படும் அவஸ்தைதான். கடைசியில் தமக்கையார் ஒரு பொய் சொன்னார்: "கட்டணத்தை வேலூர்த் தம்பி கட்டுகிறார், அம்மா." அன்று முதல் ஏ.சி. விடியும்வரை ஓடிற்று.

அந்தப் பொய்யை மெய்யாக்குவது நம் கடமையாயிற்று. கோடை முடியும்வரை கட்டணத்தை நாமே கட்டினோம். யோசியாமல் சொன்ன யோசனைக்கு அது தகுந்த அபராதமே. திருவல்லிக்கேணியில் தோற்ற கூலரை வேலூருக்கே கொண்டுவந்து விட்டோம். இங்கே அது வெகு ஜோராக ஓடுகிறது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.