உப்பு நீரும் ஊசியும்

பெற்ற பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்காதா என்ற ஏக்கத்துக்கு தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற பேதம் கிடையாது. செக்ரெடின் என்ற குடல் ஹார்மோன் ஆட்டிசக் குழந்தைகள் மூவருக்குப் பலித்ததாக 1998-ல் அமெரிக்காவில் செய்தி வர, பெற்றோர் முண்டியடித்தார்கள். மறு ஆண்டே சோதித்ததில் வெறும் உப்பு நீர் ஊசிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் செக்ரெடினில் ஆர்வம் காட்டினார்கள் என்பதுதான் வேதனை.

மூக்கில் தெளிக்கும் ஆக்ஸிடோசினும் 290 பேரிடம் 24 வாரம் சோதிக்கப்பட்டு, 2021-ல் தோற்றது. ‘ரியூட்டரி’ என்ற குடல் பாக்டீரியா பழகும் தன்மையைக் கூட்டியதாக 2024-ல் இத்தாலிய ஆய்வு சொன்னது. பங்கேற்றதோ 43 குழந்தைகள்தான். இன்னும் பெரிய சோதனை வேண்டும்.

ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-லேயே கூறிவிட்டது. ‘பரிசோதனைதான்’ என்று சமாளிப்பவரிடம் ஒன்று கேட்கலாம்: பரிசோதனைக்குக் கட்டணம் ஏது?