செராஸ் சிறு உணவகங்கள்: செலவு ஏறும் தேதி தெரிந்தும் கணக்கு பார்க்காதது ஏன்?

செராஸ் வட்டாரத்தில் சிறு உணவகம் நடத்தும் நம்மவர்களுக்கு 2025-ஆம் ஆண்டு லேசில் மறக்காது. சம்பளம், மின்சாரம், வாடகை, சேமநிதி என நாலா பக்கமும் செலவு ஏறியது. ஆனால் இவற்றில் எதுவும் இரவோடு இரவாக வரவில்லை.

குறைந்தபட்ச சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயரும் என்று 2024 அக்டோபர் பட்ஜெட்டிலேயே பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்துவிட்டார். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் அது 2025 பிப்ரவரி 1-ஆம் தேதியும், ஐந்துக்குக் குறைவானவர்கள் உள்ள இடங்களில் ஆகஸ்டு 1-ஆம் தேதியும் நடப்புக்கு வந்தது. நான்கு பேரை வைத்து நடத்தும் கடைக்கு ஒன்பது மாத அவகாசம் கிடைத்தது.

அந்த ஒன்பது மாதத்தில் போட வேண்டிய கணக்கு ஒன்றும் பெரிதல்ல. ஓர் ஆளுக்கு 200 வெள்ளி கூடுதல். அந்நியத் தொழிலாளர் என்றால், 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து முதலாளி 2 விழுக்காடு சேமநிதி செலுத்த வேண்டும். 1,700 வெள்ளிக்கு அது 34 வெள்ளி. நால்வருக்கும் சேர்த்தால் மாதம் 936 வெள்ளி. கடை 26 நாள் திறந்தால் நாளொன்றுக்கு 36 வெள்ளி. தினமும் 200 பேர் சாப்பிட வரும் கடையில் தலைக்கு 18 சென்.

இந்த 18 சென்னைக் கணக்கிடாதவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தேநீருக்கு 30 சென், தோசைக்கு 50 சென் என ஒரே நாளில் ஏற்றி வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்புகிறார்கள். அல்லது பயந்துபோய் எதையும் ஏற்றாமல் கைக்காசைப் போட்டு ஓட்டுகிறார்கள். சம்பளத்தைப் பிடித்துத்தான் கடை பிழைக்க வேண்டும் என்ற பேச்சுக்கும் இடமில்லை. கோலாலம்பூரில் 1,700 வெள்ளியில் குடும்பம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது முதலாளிகளுக்கும் தெரியும்.

அதிகம் கவனிக்கப்படாதது மின்சாரம்தான். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் தெனாகா நேஷனலின் கட்டண முறை மாறியது. எரிபொருள் விலைக்கு ஏற்பச் செய்யப்படும் மாற்றமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது போய் மாதந்தோறும் ஆகிவிட்டது. ஆகவே பில்லில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டும் பழக்கம் இனி உதவாது.

அதே மாற்றத்தில் நேரவாரிக் கட்டணம் என்ற வாய்ப்பும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை கூடுதல் கட்டணம். மற்ற நேரமும் சனி, ஞாயிறும் குறைந்த கட்டணம். வாரத்தின் 168 மணி நேரத்தில் கூடுதல் கட்டண நேரம் 40 மணி மட்டுமே. இரவும் பகலும் ஓடும் ஃபிரீசருக்கு 128 மணி நேரம் மலிவு மின்சாரம். காலைப் பசியாறலும் மதிய வாழை இலைச் சாப்பாடும் விற்று மாலையில் மூடும் கடைக்கு இது தைத்த சட்டை போல் பொருந்தும். பெரும் தொகை மிச்சமாகாது, உண்மைதான். ஆனால் இது தானாக வராது, தெனாகாவிடம் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும்.

வாடகை விஷயத்தில் பயம்தான் அதிகம். 2025 ஜூலையில் வணிக வாடகைக்கு 8 விழுக்காடு சேவை வரி வந்தது. 2026-இல் அது 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளிக்கு உட்பட்ட வாடகைதாரர்களுக்கு விலக்கும் உண்டு. அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,100 வெள்ளிக்குக் குறைவாக விற்கும் கடைக்கு இந்த வரி இல்லை. "எஸ்எஸ்டி வந்துவிட்டது" என்று சொல்லி யாராவது வாடகையை உயர்த்தினால், அவர் சுங்கத் துறையில் பதிந்தவரா என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றிரண்டு கடைவீடு வைத்திருப்பவர் பெரும்பாலும் பதிய வேண்டிய அளவுக்கே வரமாட்டார்.

வாடகை மலிவு என்று தாமான் கொனாட்டிலிருந்து பத்து 9 பக்கம் கடையை மாற்ற நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெயர் ஒரே செராஸ்தான். ஆனால் முன்னது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழும், பின்னது சிலாங்கூரில் காஜாங் நகராண்மைக் கழகத்தின் கீழும் வருகின்றன. லைசன்சைப் புதிதாக எடுக்க வேண்டும். விளம்பரப் பலகைக்கும் அப்படியே.

சமையல் எரிவாயு மட்டும் கடைக்காரர் கையில் இல்லை. 14 கிலோ மானிய சிலிண்டர் 26 வெள்ளி 60 சென். வணிக சிலிண்டர் சுமார் 70 வெள்ளி. 2025 மே மாதம் அமலாக்கச் சோதனை தொடங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. சிறு, குறு உணவுக் கடைகளுக்கு விதியைத் தளர்த்துவதாக அரசு அறிவித்தது. மானியம் என்றும் நிலைக்கும் என்று நம்பி விலைப்பட்டியலை எழுதுவது ஆபத்து. எந்த வகை சமையலுக்கு மாதம் எத்தனை சிலிண்டர் என்பதையாவது குறித்து வைக்கலாம்.

அடுத்த தேதியும் தூரத்தில் இல்லை. குறைந்தபட்ச சம்பளத்தை இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். இன்னும் 100 வெள்ளி கூடினால், அதே நான்கு பேர் உள்ள கடைக்குச் சேமநிதியும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 வெள்ளி கூடும்.