ஆடு புலிக்கு எது சரியான ரூல்?

ஆடு புலி ஆட்டத்துக்கு எத்தனை ஆடு என்று கேட்டால், நம்மில் பாதிப் பேர் யோசிக்காமல் 15 என்று சொல்லிவிடுவோம். புலி 3. சரி, அடுத்த கேள்வி. 15 ஆட்டையும் இறக்கி முடிக்கும் முன்னால், ஏற்கெனவே வைத்த ஆட்டை நகர்த்தலாமா கூடாதா? புலி ஒரே மூச்சில் இரண்டு ஆட்டை அடுத்தடுத்து தாண்டி வெட்டலாமா? வெட்ட வழி இருந்தும் புலி வெட்டாமல் விட்டால் என்ன? எத்தனை ஆடு போனால் ஆட்டம் முடிந்தது?

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். கோவில்பட்டிப் பக்கத்து என் அம்மா ஒரு பதில் சொல்வார். தர்மபுரிக்காரரான என் மாமனார் அதற்கு நேர் எதிராகச் சொல்வார். எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் இருக்கும் கன்னட அஜ்ஜி, "ஹுலி கட்டு" என்று இதே ஆட்டத்தைத் தன் ஊர் வழக்கத்தில் ஆடுவார். மூன்று பேரும் அறுபது வருடமாக அப்படித்தான் ஆடி வருகிறார்கள். யாருக்கும் யாரிடமும் போய் ரூல் கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

இப்போது வருகிறது. இந்த ஆட்டங்களுக்கு இணையத்தில் ரூல் எழுதி வைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நல்ல விஷயம்தான், சந்தோஷம்தான். ஆனால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "இதுதான் ரூல்" என்று ஒரே ஒரு ரூலை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அசல் போர் ஆட்டம் இது. ஒரு பக்கம் எண்ணிக்கை அதிகம், பலம் இல்லை. இன்னொரு பக்கம் மூன்றே பேர், ஆனால் வெட்டும் உரிமை அவர்களுக்கு மட்டும். 23 புள்ளியில் இந்த இரண்டு படையும் மோத வேண்டும். இரு தரப்பும் சரிசமமான சதுரங்கத்தைவிட இது நிஜமான சண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். (சதுரங்க ரசிகர்கள் அடிக்க வர வேண்டாம் :-))

ஐரோப்பாவில் போர் ஆட்டத்துக்கு ரூல் எழுதிய கதை வேடிக்கையானது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1824-ல் 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்று ஒன்றைப் புத்தகமாகவே போட்டார். வரைபடம், படைக் கட்டைகள், பகடை, எத்தனை தூரத்தில் சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்று அட்டவணை, எல்லாவற்றுக்கும் ஒரு நடுவர். காலப்போக்கில் ரூல் பெருகி, ஆடுகிற நேரத்தைவிடப் புத்தகத்தைப் புரட்டுகிற நேரம் அதிகமாகிவிட்டது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, அட்டவணையை ஓரமாக வையுங்கள், அனுபவப்பட்ட நடுவர் சொல்வதே தீர்ப்பு என்று மாற்றி அமைத்தார். அதாவது ராணுவமே சுற்றிவளைத்துக் கடைசியில் வந்து சேர்ந்த இடம் நம் திண்ணைதான். அங்கே ஆச்சி சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் ஆச்சி எத்தனை நாளைக்கு? அதுதான் பிரச்சினை. பலகை நிற்கும், ரூல் நிற்காது. ஹம்பிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், பாறையிலும் மண்டபத் தரையிலும் ஆட்டக் கோடுகள் வெட்டியிருக்கும். நம்மூர்க் கோயில் மண்டபங்களிலும் உண்டு. கல்லில் வெட்டிய கோடு நூற்றாண்டுகள் கடந்து கிடக்கிறது. அதில் உட்கார்ந்து ஆடியவர்கள் எதை வெட்டு என்றார்கள், எதைத் தோல்வி என்றார்கள் என்று அந்தக் கல்லிடம் கேட்க முடியாது.

எழுதி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் பலகை ஆட்டங்களில் பெரும் பித்துக் கொண்டவர். 'ஸ்ரீதத்வநிதி'யில் கௌதுக நிதி என்று ஒரு பகுதியையே ஆட்டங்களுக்கு ஒதுக்கினார். ஆனால் அது அரண்மனை ஆட்டம், ராஜா யோசித்த ஆட்டம். இலங்கையில் நீர்ப்பாசன இலாகாவில் வேலை பார்த்த ஹென்றி பார்க்கர், 1909-ல் வெளிவந்த 'ஏன்ஷியண்ட் சிலோன்' புத்தகத்தில் அங்குள்ள கிராமத்து ஆட்டங்களைப் பலகைப் படத்தோடு எழுதினார். 1952-ல் உலகப் பலகை ஆட்டங்களைத் தொகுத்த மர்ரே, பார்க்கரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்.

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் கேமரன் பிரவுன் தலைமையில் 2018 முதல் 2023 வரை 'டிஜிட்டல் லூடீம்' என்ற திட்டம் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஆட்டங்களின் ரூலைக் கணினிக்குப் புரியும் மொழியில் எழுதி, 'லூடீ' என்ற மென்பொருளில் ஆடிப் பார்க்கவும் வைத்தார்கள். எந்த ஊர், எந்த ஆதாரம் என்று குறிப்பும் சேர்த்தார்கள். பிரமாதமான வேலை. ஆனால் அச்சில் ஏறாத ரூல் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? பார்க்கர் நடந்து போன கிராமத்து ரூல் போய்ச் சேரும். கோவில்பட்டி ரூல் சேராது.

கணினிக்கு ஒரே ரூல் வேண்டும் என்பது நியாயம்தான். நேபாளத்து 'பாக் சால்' ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி. 5 ஆடு போனால் புலிக்கு வெற்றி என்று தெளிவாக வரையறுத்திருந்ததால்தான், லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியை வைத்து அலசி, இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் சமன் என்று நிரூபிக்க முடிந்தது. போட்டி நடத்தவும் ஒரே ரூல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டிக்கு ரூல் போடுவது வேறு. இருப்பதை இருக்கிறபடி குறித்து வைப்பது வேறு. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டு பால்கனியிலேயே பார்த்தேன்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் மூன்று பட்டனும் வைத்துப் பேத்தியோடு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் சத்தம்.

"ஆச்சி, தப்பு. ஆட்டை இப்பவே நகர்த்தலாம்."

"எல்லா ஆடும் இறங்கின பெறகுதான் நகட்டணும்."

"இல்ல ஆச்சி, அப்படி ரூல் கிடையாது."

"எந்த ஊர்ல?"

"ஊர்ல எல்லாம் இல்ல. கேம்ல." போனைத் தூக்கிக் காட்டினாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம், "அப்ப நமக்குத்தான் தெரியல போல" என்று சொல்லிவிட்டு, பேத்தி சொன்ன மாதிரியே ஆடினார். எனக்குச் சுருக்கென்றது. ரூல் மாறியதற்காக இல்லை. அறுபது வருடம் ஆடியவர் இரண்டு நிமிடத்தில் தான் ஆடியது தப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டாரே என்றுதான். அந்த ஆப்பை எழுதியவர் தனக்குத் தெரிந்த ஒரு ரூலைப் போட்டிருப்பார், அவ்வளவுதான். ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. எந்த ஊர் ரூல் என்று ஒரு வரி இருந்திருந்தால், "ஓ, இது அந்த ஊர் ஆட்டமா, நம்ம ஊர்ல இப்படி" என்று ஆச்சி ஜெயித்திருப்பார்.

இதைத் தேவநேயப் பாவாணர் 1954-லேயே புரிந்து வைத்திருந்தார் என்பதுதான் ஆச்சரியம். அவருடைய 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பெயர், எத்தனை பேர் ஆடுவது, என்ன கருவி, எந்த இடம், எப்படி ஆடுவது என்று தலைப்புப் பிரித்து, இன்றைய இணையப் பக்கம் மாதிரியே எழுதியிருப்பார். பாண்டிநாட்டு வழக்கமும் சோழநாட்டு வழக்கமும் வேறுபட்டால் அதையும் பிரித்துக் காட்டுவார். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் செங்கைப் பொதுவன் போன்றவர்கள் நாட்டுப்புற விளையாட்டுகளைப் பொறுமையாக ஏற்றினார்கள். சென்னையில் வினிதா சித்தார்த்தாவின் 'கிரீடா', மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா என்று பலகையை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. மிச்சம் இருப்பது நம் வேலை.

நம் வேலை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஊரில் இருப்பவருக்குத் தன் ரூல் ஒரு ரூல் என்றே தெரியாது. எல்லோரும் அப்படித்தானே ஆடுகிறார்கள்? வெளியூர் வந்து, பக்கத்து வீட்டில் வேறு மாதிரி ஆடுவதைப் பார்த்த நமக்குத்தான் வித்தியாசம் கண்ணில் படும். பெங்களூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஒரே அபார்ட்மெண்டில் தாயமும் இருக்கிறது, கன்னடக்காரர்களின் சௌகாபாராவும் இருக்கிறது. எங்கள் ஊரில் பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு 'மலை' என்று பெயர், அங்கே காயை வெட்ட முடியாது. அஜ்ஜி அதைக் 'கட்டெ' என்கிறார். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் 'சேஃப் ஸ்கொயர்' ஆகிவிடும். வெட்டு, பழம், இறக்குவது, அடைப்பது என்ற சொற்களும் போய்விடும்.

எழுத வராதவர்கள் எழுத வேண்டாம். பெரியவர்கள் ஆடும்போது போனைப் பக்கத்தில் வைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். "ரூல் என்ன" என்று கேட்டால் நாலு வரிதான் வரும். வேண்டுமென்றே தப்பாக ஒரு காயை நகர்த்துங்கள், நாற்பது வரி வரும் :-) ஊர், யாரிடம் கற்றார், சுமாராக எந்த வருடம் என்பதை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். பலகையைப் பெரியவர்கள் கையாலேயே வரையச் சொல்லிப் படம் எடுங்கள். நீங்கள் வரைந்தால் இணையத்தில் பார்த்ததைத்தான் வரைவீர்கள்.

எங்கள் வீட்டில் ஆடு புலியும் தாயமும் முடிந்தன. மூன்று ஊர் ரூலையும் தனித்தனியாக எழுதிவிட்டேன். பல்லாங்குழியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வதில் அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஒற்றுமைதான். ஆனால் எதிராளி காயைப் போட்டு நம் குழியில் பசு விழுந்தால் அது யாருக்கு என்பதில் இரண்டு பேரும் போன ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினார்கள். ரெக்கார்டிங் ஒரு மணி நேரம் வந்திருக்கிறது, இன்னும் கேட்டு முடிக்கவில்லை.